இரண்டு தட்டுக்கு வரும் மான்கள்

சாயங்காலம் ஐந்தரை ஆகப்போகிறதென்றால் நான் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து கத்தி தீட்ட ஆரம்பித்துவிடுவேன். மர அறுவை மில்லில் கழித்துப் போட்ட சாணை மிதிசக்கரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். வீட்டில் இருப்பதே மூன்று கத்தி, ஒரு கத்தரிக்கோல். தீட்டித் தீட்டி, காய் நறுக்குகிற கத்தி ஈர்க்குச்சி மாதிரி ஆகிவிட்டது. "இனிமே அதுல காதுதான் குடையலாம்" என்கிறாள் என் மனைவி. பகலெல்லாம் மில்லில் வாள் தீட்டுகிறவன் வீட்டுக்கு வந்தும் ஏன் தீட்டுகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. தொழில் புத்தி என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் கதை கிடக்கட்டும். சொல்ல வந்தது பக்கத்து வீட்டுக் கதை.

மூன்று வீடுகள் ஒரே வரிசையில். மர அறுவை மில்காரர்கள் கட்டிக் கொடுத்தவை. தகரக் கூரை, இரண்டு அறை, பின்னால் நீளமாக ஒரு கொல்லை. இடப்பக்கம் மேஸ்திரி வீடு. நடுவில் அவருடைய கூடப்பிறந்த தம்பி, அறுப்புக்காரன் வீடு. வலப்பக்கம் நான், சாணைக்காரன். கொல்லை முடிகிற இடத்தில் இடுப்புயர வேலி, வேலிக்கு அப்பால் ஒரு ஓடை, ஓடையைத் தாண்டினால் காடு. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் எங்களுக்கு மரத்தூள் வாசனைதான். மழைக்காலத்தில் அந்தத் தூள் ஊறிப் புளித்து, தலையணையிலிருந்து டீத் தூள் வரைக்கும் அந்த வாடை அடிக்கும்.

மில்லில் எங்களுக்குப் பேச்சை விடத் தட்டுதான் முக்கியம். ஆள் உயர மரத்தை வாளுக்கு முன்னால் கிடத்திவிட்டால், அந்தப் பக்கம் நிற்கிற அறுப்புக்காரன் மேஸ்திரி கண்ணுக்குத் தெரியமாட்டான். மோட்டார் சுவிட்சில் நிற்பவனுக்கு இரண்டு பேரையுமே தெரியாது. அதனால் மேஸ்திரி பக்கத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும், கையில் சுத்தியல் இருக்கும். மூன்று தட்டினால் 'கையை எடு, ஓட்டப் போகிறேன்' என்று அர்த்தம். பிறகு பத்து எண்ண வேண்டும். எண்ணி முடித்து இரண்டு தட்டினால் 'ஓட்டு'. சுவிட்சுக்காரன் அந்த இரண்டைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்திவிடுவான். மூன்று, பத்து, இரண்டு. இருபத்திரண்டு வருஷமாக அந்த மில்லில் இந்தக் கணக்குத் தவறியதில்லை, அந்த ஒரு நாளைத் தவிர.

அன்றைக்கு முதலாளி, மரம் வாங்க வந்த இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்திருந்தார். நல்ல நேரம் பார்த்து வாளில் ஒரு சிராய் மாட்டிக்கொண்டது. மேஸ்திரி வாளை நிறுத்தச் சொன்னார். அறுப்புக்காரன் இடது கையை உள்ளே விட்டுச் சிராயைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். வெளியாட்களுக்கு முன்னால் வாள் சும்மா நிற்கிறதே என்று மேஸ்திரிக்குப் பதற்றம். மூன்றை விட்டுவிட்டு நேரே இரண்டைத் தட்டிவிட்டார். தம்பியின் கை முழங்கைக்குக் கீழே போய்விட்டது.

யானைக்கும் அடி சறுக்கும், நான் அதைக் குற்றம் சொல்லவில்லை. சறுக்கிய பிறகு அந்த மனிதர் செய்ததைத்தான் சொல்கிறேன். விசாரணைக்கு ஃபைலோடு ஒரு ஆபீசர் வந்தார். அவர் முன்னால் நின்று மேஸ்திரி சொன்னார்: "மூணு தட்டினேன் சார். பத்தும் எண்ணினேன். அப்புறந்தான் ரெண்டு. என் தம்பிக்குக் கொஞ்ச நாளாவே காது மந்தம். அவன் காதுல விழல."

சுவிட்சில் நின்றவன் மேஸ்திரியின் மருமகன். மாமனார் சொன்னதையே அவனும் சொன்னான். சுமை தூக்குகிறவர்கள் வெளியே லாரியில் இருந்தார்கள். வந்த இரண்டு பேருக்குத் தட்டும் தெரியாது, கணக்கும் தெரியாது. என்னையும் கேட்டார்கள். என் கொட்டகை வாளிலிருந்து இருபதடிதான். சாணைக்கல் ஓடிக்கொண்டிருந்தது, எதுவும் கேட்கவில்லை என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

அறுப்புக்காரன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கை மட்டும் போகவில்லை, பேரும் போயிருந்தது. செவிடன் என்று ஊரே கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஒற்றைக் கை என்று கூப்பிட்டிருந்தாலாவது உண்மையாக இருந்திருக்கும். முதுகுக்குப் பின்னால் போய்க் கைதட்டிப் பார்ப்பார்கள். திரும்பினால் "அட, கேக்குதே" என்பார்கள், திரும்பாவிட்டால் சிரிப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. குளிர்பதனக் கிடங்கில் வாட்ச்மேன் வேலை இருக்கிறதென்று போனான். "செவிடனை வாட்ச்மேனா வெச்சா, திருட வர்றவன் தோளைத் தட்டிச் சொல்லிட்டுத்தான் திருடணும்" என்று கிடங்குக்காரர் சொன்னாராம். அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்தவன் ஒரு மாதம் வாசலுக்கே வரவில்லை. பின்பக்கம் ஒரு பெஞ்சில் காட்டைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். அண்ணனை அண்ணன் என்று சொல்வதையும் விட்டுவிட்டான். கூடப்பிறந்தவரைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் 'மேஸ்திரி' என்பான்.

அவன் மனைவி காய்கறி மொத்த மண்டியில் தரம் பிரிக்கிற வேலைக்குப் போவாள். விடியற்காலை போய் மத்தியானம் திரும்புவாள். வரும்போது கழித்துப் போட்ட முட்டைக்கோஸ் மேலிலை, கேரட் தழை, அடிபட்ட ஆப்பிள் என்று ஒரு சாக்கில் கட்டிவருவாள். கொல்லையில் குவித்து மக்கவைத்து எருவாக்குவது அவள் எண்ணம். நான்கு நாள் குவித்தாள். நான்கு நாளும் குவியல் காணாமல் போயிற்று.

"அண்ணே, நீங்களே சொல்லுங்க" என்று வேலியோரம் வந்து நின்றாள். "அழுகின இலையைக்கூட விடமாட்டேங்கறாங்க அந்த அக்கா. கையை எடுத்தாங்க, பேரை எடுத்தாங்க, இப்ப குப்பையையும் எடுக்கறாங்க."

அந்த அக்கா என்றால் மேஸ்திரி மனைவி.

பெஞ்சிலிருந்து அறுப்புக்காரன் சொன்னான். "அவங்க இல்ல. மான். நாலு வருது. ரெண்டு பெருசு, ஒண்ணு நடுத்தரம், ஒண்ணு குட்டி."

"பாத்தீங்களா? என்கிட்ட சொல்லவே இல்லையே."

"பாக்கல. கேட்டேன். விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஓடையைத் தாண்டும். பெருசுல ஒண்ணு முன்காலை ஒரு உதை உதைச்சுப் பாத்துட்டுத்தான் இந்தப் பக்கம் வரும். குட்டி ஒவ்வொரு தடவையும் தண்ணியில சறுக்குது."

அவன் மனைவி என்னைப் பார்த்தாள். "கேட்டீங்களா அண்ணே? இந்தக் காதைத்தான் மந்தம்னு எழுதி வெச்சிருக்காங்க" என்று சொல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நான் என் வேலியில் பிரிந்திருந்த கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவர்கள் வேண்டுமென்றே வைக்க ஆரம்பித்தார்கள். மான்கள் பொழுது சாய்கிற நேரத்துக்கு வரப் பழகின. காட்டின் அந்தப் பக்கம் வெட்டு நடந்துகொண்டிருந்தது. எங்கள் மில்லில் அறுபடுகிற மரமெல்லாம் அதுகள் நின்ற நிழல்தான், பாவம், அதுகளும் எங்கே போகும். நானும் சில நாள் போய் அந்த பெஞ்சில் உட்காருவேன். அவள் டீயும், உப்பும் மிளகும் போட்டுச் சுடச்சுட அவித்த உருளைக்கிழங்கும் கொண்டுவருவாள். பேசக்கூடாது, கையை ஆட்டக்கூடாது. முதலில் வேலிக்கு அப்பால் புதர் மட்டும் அசையும். பிறகு இரண்டு காது தெரியும். ஒரு காது இந்தப் பக்கம் திரும்பும்போது இன்னொன்று அந்தப் பக்கம் திரும்பும். பெரிய பெண்மானுக்கு இடது காது நுனி கிழிந்திருந்தது. அதுதான் தலைவி. அது நின்று, மூக்கை நீட்டி, நம் மூச்சை எண்ணிப் பார்ப்பது போலப் பார்க்கும். பிறகு அந்த உதை. அதற்குப் பிறகுதான் மற்றவை வரும். கேரட் தழையை அவை மெல்லுகிற சத்தம் இருக்கிறதே, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு யாரோ மெதுவாக நடப்பது போல இருக்கும். கேட்டுக்கொண்டே இருக்கலாம். அந்த நேரத்தில் அவன் முகம் பழைய முகமாக இருக்கும்.

ஒரு நாள் அவன் கேட்டான். "அண்ணே, மில்லுல உடைஞ்ச வட்ட வாள் ஏதாவது கிடக்குதா? பல்லு போனதா இருந்தாலும் பரவால்ல."

"எதுக்குப்பா?"

"மானைக் கூப்பிட. தகரத்தைத் தட்டினா சத்தம் சப்புனு இருக்கு. ஓடைக்கு அந்தப் பக்கம் எட்டமாட்டேங்குது."

ஒற்றைக் கைக்காரன் ஆசையாக ஒன்று கேட்கிறான், மாட்டேன் என்றா சொல்வேன்? நல்லதாகப் பார்த்து ஒன்றை எடுத்து, பிசிறு போகத் தேய்த்து, எண்ணெய் தடவிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொல்லைக் கம்பத்தில் தொங்கவிட்டான். வலது கையில் ஒரு போல்ட்டு. மறுநாள் ஐந்தரைக்குத் தட்டினான்.

இரண்டு. இரண்டே இரண்டு.

தண்டவாளத் துண்டின் அதே சத்தம். நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். சோப்பு கையிலிருந்து நழுவிவிட்டது. மேஸ்திரி கொல்லையில் அவர் முட்டைக்கோஸ் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். குழாயிலிருந்து தண்ணீர் அவர் செருப்பின் மேலேயே கொட்டிக்கொண்டிருந்தது. அவர் அதை நகர்த்தவில்லை.

அவன் முன்னால் மூன்று தட்டவில்லை, பத்து எண்ணவும் இல்லை. அன்றைக்கு எப்படித் தட்டினாரோ அப்படியே. தினமும் ஐந்தரைக்கு, ஒரு நாள் தவறாமல், மழையானாலும் பனியானாலும். மான்களுக்கு அது சாப்பாட்டு மணி. ஒரு மாதத்தில் இரண்டாவது தட்டு அடங்குவதற்குள் புதர் அசைய ஆரம்பித்துவிடும். மேஸ்திரிக்கு அது என்ன என்று மேஸ்திரிக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நன்றாகக் குறுகுறுக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம்தான் நான் மிதிசக்கரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அறுப்புக்காரன் மனைவிக்கு மட்டும் இந்த இரண்டின் அர்த்தம் தெரியாது, மில் பக்கமே வராதவள்; விசாரணையில் சொன்ன மூன்று மட்டும் காதில் விழுந்திருந்தது. அவளுக்கு வேறொரு கணக்கு இருந்தது. இலையை முதலில் கொல்லை நடுவில் வைத்தாள். பிறகு வாரத்துக்கு இரண்டு முழமாக மேஸ்திரி வேலிப்பக்கம் நகர்த்திக்கொண்டே போனாள். கடைசியில் வேலிக்கு அடியிலேயே வைத்தாள். சாக்கில் வருகிற வாடல் இலையைத் தின்றுகொண்டிருக்கும்போது, ஒரு தாவு தாவினால் பச்சைப் பசேலென்று முட்டைக்கோஸ் பாத்தி. மான் என்ன சந்நியாசியா?

ஒரே வாரத்தில் பாத்தி மொட்டையாகிவிட்டது. தண்டு மட்டும் வரிசையாக நின்றது. மேஸ்திரி மனைவி வேலிக்கு வந்தாள்.

"ஏம்மா, உன் மானு என் தோட்டத்தையே மொட்டை அடிச்சிடுச்சே. இது நல்லாயிருக்கா?"

"என் மானா? காட்டுல பொறந்து காட்டுல வளந்தது. நெத்தியில என் பேரு எழுதி ஒட்டியிருக்கா அக்கா?"

"நீ சோறு வெச்சுக் கூப்பிடறே. மணி அடிச்சுக் கூப்பிடறாரு உன் புருஷன்."

"நாங்க எங்க கொல்லைக்குத்தான் கூப்பிடறோம். அது உங்க கொல்லைக்கு வந்தா நீங்க சொல்ல வேண்டியதுதானே. மூணு தடவை சொல்லிப் பாருங்க. ஒருவேளை அதுக்கும் காது மந்தமோ என்னமோ."

மேஸ்திரி மனைவி கெட்டவள் இல்லை. ஆஸ்பத்திரியில் முதல் வாரம் கொழுந்தனுக்குக் கஞ்சி கொண்டுபோனது அவள்தான். "நான் என்னம்மா பண்ணினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மேஸ்திரி அந்த ஞாயிற்றுக்கிழமை மில்லிலிருந்து மரப்பட்டைகளைக் கொண்டுவந்து ஆறடி உயரத்துக்கு வேலி அடித்தார். மான் நின்றது. சத்தத்தை எந்தப் பட்டை நிறுத்தும்? ஐந்தரைக்கு அது வேலியைத் தாண்டி அவர் வீட்டுக்குள் போனது. அந்த நேரத்தில் வெளியே கிளம்பிப் பார்த்தார். டீக்கடையில் போய் உட்கார்ந்தார். காட்டோர ஊர், சாயங்காலம் காற்று அடங்கினால் ஒரு மைலுக்குக் கேட்கும். வாங்கின டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டு அவர் எழுந்து போனதை நானே பார்த்தேன்.

மில்லிலும் ஆள் தடுமாற ஆரம்பித்தார். மூன்று தட்டுவார், பத்துக்குப் பதில் இருபது, முப்பது எண்ணுவார். மறுபடி மூன்று தட்டுவார். மரத்தைச் சுற்றி நடந்துபோய்ப் புது அறுப்புக்காரனின் இரண்டு கையையும் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்புவார். திரும்பி வந்ததும் சந்தேகம் வந்துவிடும். இரண்டைத் தட்டச் சுத்தியலைத் தூக்கினால் கை அப்படியே நிற்கும். ஒரு நாளைக்கு நாற்பது மரம் அறுத்த இடத்தில் பதினெட்டு. முதலாளி இரண்டு தடவை ஆபீஸ் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து பார்த்தார். சுமைக்காரர்கள் சிரித்தார்கள். நான் கொட்டகையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். எனக்கு நிறைவாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

நான்கு மாதம் ஆயிற்று. பனி விழுகிற காலம். அன்று மூடுபனியில் காடே தெரியவில்லை. நான் பெஞ்சில் அவனோடு உட்கார்ந்திருந்தேன். அவன் மனைவி இலையைக் கொட்டிவிட்டுக் கையை உதறினாள். அவன் எழுந்து போல்ட்டால் இரண்டு தட்டினான். கிழிந்த காது முதலில் வந்தது, பின்னால் மற்றவை. குட்டி இப்போது வளர்ந்து, தலையில் கொம்புக்கு இரண்டு முடிச்சு தெரிந்தது. தலையைக் குனிந்து தின்ன ஆரம்பித்தன.

அப்போது பட்டை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் வந்தது. மண்வெட்டியில் கல்லால் தட்டுகிற சத்தம்.

ஒன்று. இரண்டு. மூன்று.

நான்கு மான்களும் ஒரே நேரத்தில் தலை தூக்கின. அதுகளுக்கு மூன்று தெரியாது. கிழிந்த காது முன்காலை உதைத்தது. அவன் மனைவி "என்னங்க?" என்றாள். அவன் கையைக் காட்டி அவளை நிறுத்தினான். கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே, வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, நிதானமாக எண்ண ஆரம்பித்தான்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள்.

"நாலு. அஞ்சு. ஆறு. ஏழு."

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"எட்டு. ஒம்போது. பத்து."

இரண்டு தட்டினான். பிறகு சொன்னான். "இப்படித்தான் தட்டணும் மேஸ்திரி. மூணு, பத்து, ரெண்டு. நீங்கதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீங்க."

"தம்பி, போதும்டா." மேஸ்திரியின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "நிறுத்திடுடா. எனக்குத் தூக்கம் போச்சு, சாப்பாடு போச்சு. கையில சுத்தியல் நிக்கமாட்டேங்குது. அன்னிக்கு நான் மூணு தட்டலடா. எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்."

"என்ன சொல்றீங்க? சத்தமா சொல்லுங்க. எனக்குத்தான் காது மந்தமாச்சே."

"மூணு தட்டலடா."

"இங்கே சொன்னா மானுக்குத்தான் கேக்கும். மில்லுல போய்ச் சொல்லுங்க. தண்டவாளத்துக்கு அடியில நின்னு, எல்லாரும் இருக்கறப்ப, முதலாளி இருக்கறப்ப. செவிடனுக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"என் வேலை போயிடும்டா."

"என் கை போச்சு."

வேலிக்கு அந்தப் பக்கம் மண்வெட்டி கீழே விழுகிற சத்தமும் கதவு சாத்துகிற சத்தமும் கேட்டன. அவன் மனைவி மெதுவாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"அப்ப இது இத்தனை நாளும் அவருக்கா? நான் மானுக்குன்னு நெனச்சேன்."

"மானுக்கும்தான்" என்றான் அவன்.

"நான் முட்டைக்கோஸோட நிறுத்திக்கிட்டேன். நீங்க மனுஷனையே மேயவிட்டிருக்கீங்க." அவள் குரலில் பயமும் இருந்தது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. எது அதிகம் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

மூன்றாம் நாள் காலை, வேலை தொடங்குகிற நேரத்தில், மேஸ்திரி தண்டவாளத்தின் கீழே நின்று சொன்னார். முதலாளி இருந்தார். சுமைக்காரர்கள், வண்டிக்காரர்கள், கேன்டீன் அம்மா எல்லாரும் இருந்தார்கள். "அன்னிக்கு நான் மூணு தட்டல. நேரா ரெண்டு தட்டினேன். என் தம்பிக்குக் காது நல்லாவே கேக்கும். நான்தான் பொய் சொன்னேன்." அவ்வளவுதான். சொல்லிவிட்டு, சுத்தியலைத் தண்டவாளத்தின் மேலேயே தொங்கவிட்டார்.

முதலில் காறித் துப்பினவன் நான்தான். "கூடப்பிறந்தவன் கையை எடுத்துட்டு, அவன் காது மேல பழியைப் போட்டியே, நீயெல்லாம் ஒரு மனுஷனா?" என்று கேட்டேன். நான் ஆரம்பித்த பிறகுதான் மற்றவர்களுக்கு வாய் வந்தது. ஆளுக்கொன்று கேட்டார்கள். மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில் ஒரே ஒரு தடவை தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. அதற்கு அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

முதலாளி அவரைப் பலகை அடுக்குகிற வேலைக்குத் தள்ளினார். மருமகனைச் சுவிட்சிலிருந்து எடுத்தார். பத்து நாள் கழித்து அறுப்புக்காரனைக் கூப்பிட்டனுப்பி, அவன் கையில் சுத்தியலைக் கொடுத்தார். தட்டுவதற்கு ஒரு கை போதும், வேண்டியது காது. அவன் தட்ட ஆரம்பித்த பிறகு மில் பழையபடி நாற்பது மரத்துக்கு வந்துவிட்டது. வாளின் சத்தம் மாறினாலே அவனுக்குத் தெரிந்துவிடும். மரத்துக்குள் ஆணி இருந்தால், வாள் அதைத் தொட்ட மறுகணமே நிறுத்திவிடுவான். செவிடன் என்று கூப்பிட்டவர்கள் இப்போது மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். பழைய மேஸ்திரி மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட, தம்பியின் தட்டைக் கேட்டுத்தான் கையில் இருக்கிற பலகையைக் கீழே வைக்க வேண்டும். அதைவிட என்ன வேண்டும் ஒருவனுக்கு?

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, நிம்மதியாக, ஒரு கட்டு கேரட் வாங்கிக்கொண்டு அவர்கள் கொல்லைக்குப் போனேன். வெயில் கொஞ்சம் திரும்பியிருந்தது. ஓடையோரம் புல் துளிர்த்திருந்தது. அவன் மனைவி உருளைக்கிழங்கு கொண்டுவந்து வைத்தாள். ஐந்தரை ஆயிற்று. அவன் எழுந்து கம்பத்துக்குப் போனான்.

இரண்டு தட்டினான். முன்னால் மூன்று இல்லை.

அவன் மனைவி சலித்துக்கொண்டாள். "அதான் உங்க அண்ணன் ஊரறியச் சொல்லிட்டாரே. மேஸ்திரி வேலையையும் விட்டுட்டுப் பலகை அடுக்கறாரு. இன்னும் எதுக்கு இப்படித் தட்டறீங்க? மானைக் கூப்பிடணும்னா ஒரு தட்டு தட்டுங்களேன், நாலு தட்டுங்களேன். கேக்கவே மனசு ஒரு மாதிரி இருக்கு."

அவன் போல்ட்டைக் கம்பத்தின் மேல் வைத்தான். கிழிந்த காது புதரிலிருந்து வெளியே வந்து மூக்கை நீட்டியது.

"இன்னும் ஒரு வீடு பாக்கி இருக்கு" என்றான்.

"எந்த வீடு?"

அவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். மான்களைப் பார்த்துக்கொண்டே, மான்கள் மிரளாத குரலில் பேசினான்.

"அன்னிக்கு வாள் நின்னிருந்துச்சு அண்ணே. உள்ள கையை விட்டுட்டுச் சிராயைத் தேடிக்கிட்டிருந்தேன். அவ்வளவு அமைதி. முதலாளி சிகரெட் பத்தவெச்சது கேட்டுச்சு. வெளியே லாரியில யாரோ தும்மினது கேட்டுச்சு. இருபதடியில உங்க கல்லு ஓடியிருந்தா எனக்குக் கேக்காதா?"

எனக்கு வாயில் உருளைக்கிழங்கு இருந்தது. அதை மென்றுகொண்டே இருந்தேன்.

சொல்லிவிடுகிறேன். கல் ஓடவில்லை. தீட்டின வாளின் பல் பார்ப்பதற்காக நிறுத்தி வைத்திருந்தேன். இரண்டு தட்டு கேட்டது. மூன்றுக்கு முன்னால் ஏன் இரண்டு வருகிறது என்று நிமிர்ந்தேன், அதற்குள் அவன் அலறல் கேட்டது. அன்று மத்தியானம் மேஸ்திரி என் கொட்டகைக்கு வந்து, "உன் கல்லு ஓடிக்கிட்டிருந்துச்சு இல்ல?" என்று கேட்டார். மிரட்டவில்லை, எதையும் தருகிறேன் என்று சொல்லவில்லை. சும்மா கேட்டார். நானும் சும்மா "ஓடிக்கிட்டிருந்துச்சு" என்றேன். பெரியவரோடு எதற்கு வம்பு என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் எனக்கே நன்றாக இருந்திருக்கும்.

"விசாரணையில ஓடினதாச் சொன்ன கல்லு அன்னிக்கு ஓடல" என்றான் அவன். "ஆனா நீங்க வீட்டுல இருக்கற நாளெல்லாம் சாயங்காலம் அஞ்சரைக்கு உங்க கொல்லையில ஓடுது. நான் தட்டறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஆரம்பிக்குது, மான் போனதும் நிக்குது. நாலு மாசமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவன் மனைவி என் கையிலிருந்த கேரட் கட்டைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து வந்து, எனக்கு முன்னால் வைத்திருந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"தம்பி" என்றேன்.

"மில்லுல சொல்லுங்க அண்ணே. தண்டவாளம் எங்கே தொங்குதுன்னு உங்களுக்குத் தெரியும். அன்னிக்கு நீங்கதான் முதல்ல துப்பினீங்களாம், எனக்குச் சொன்னாங்க." அவன் குரலில் கோபமே இல்லை. "மேஸ்திரிக்கு நாலு மாசம் ஆச்சு. உங்களுக்கு எவ்வளவு ஆகும்னு பாக்கலாம். எனக்கொண்ணும் அவசரமில்ல. மானுக்கும் தீனி வேணுமே."

குட்டி என் காலடி வரைக்கும் வந்து, கேரட் கட்டை என் கையிலிருந்து இழுத்தது. கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன்.

மறுநாள் மில்லில் தண்டவாளத்தைத் தாண்டித்தான் என் கொட்டகைக்குப் போக வேண்டும். சுத்தியலோடு அவன் நின்றுகொண்டிருந்தான், "வாங்க அண்ணே" என்றான். எல்லாரும் இருந்தார்கள். நின்றேன். பிறகு நடந்து போய்க் கல்லை ஓடவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சக்கரத்தின் மேலிருந்த சாக்கை எடுத்தேன். ஐந்தரைக்கு இரண்டு தட்டு கேட்டது. கத்தியை வைத்து மிதித்தேன்.

அது நடந்து ஏழு வாரம் ஆகிறது. இப்போது மணி ஐந்து இருபது.